டீக்கடை வலி

இன்று காலை திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் யாரோ தீக்குச்சி உரசினார்கள். கடல் காற்றில் ஒரு குச்சி அணைந்தது, இன்னொன்று உரசும் சத்தம் கேட்டது. பிறகு பீடி வாசனை வந்தது. பொது இடத்தில் புகை பிடிக்கக் கூடாது என்று நிழற்குடையில் பலகை மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்று ஒரு பெரியவர் கண்ணை மூடி இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா?" என்றார். "ஒண்ணுமில்லய்யா, நீங்க வலிங்க" என்றேன். சொன்ன பிறகுதான் உன் நினைப்பு முழுசாக வந்து மோதியது. சிரிப்பு பாதியில் நின்றது. பஸ் வந்தது, போனது, நான் ஏறவில்லை.

நீ போன பிறகு ஒரு மழைக்காலம் முழுசாக வந்து போய்விட்டது. போனவளுக்குக் கடிதம் எழுதுவது கிறுக்குத்தனம் என்று எனக்குத் தெரியும். நீ இருந்திருந்தால், "இன்னாடி அண்ணாச்சி, போன்ல பேலன்ஸ் இல்லியா?" என்று கேட்டிருப்பாய். ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த தெற்கத்திக்காரருக்கு மகளாகப் பிறந்த ஒரே குற்றத்துக்காக என்னை ஆயுள் முழுக்க அண்ணாச்சி ஆக்கியவள் நீ. நான் பதிலுக்கு எங்கள் தெற்கத்திப் பேச்சில் உன்னை "ஏட்டி" என்பேன். "ஏட்டி பாட்டின்னு கூப்புடாத, வயசான மாதிரி கீது" என்று சண்டைக்கு வருவாய். அப்படிக் கூப்பிட இப்போது எனக்கு ஆளில்லை.

நம் ஆபீஸ் ஞாபகம் வருகிறதா? வலையும் நைலான் கயிறும் விற்கிற கடைக்கு மேல் மாடி. படியேறும்போதே புதுக் கயிற்று நெடி மூக்கில் ஏறும். காற்று திசைமாறி, கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை வரும் நாளில் நீ எழுந்து போய் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு, "எங்க ஊரு சாம்பிராணி வந்துடுச்சு" என்பாய். எம்.கே.பி. நகரிலிருந்து வரும் உனக்கு அது பழக்கம். எனக்கு இருமல் வரும். நாற்காலி, வாளி, தள்ளுவண்டி என்று மனிதர்கள் கையாளும் பொருள்களுக்கு வடிவம் வரைந்து கொடுப்பது நம் வேலை. நீ வரைகிறவள். நான் கம்ப்யூட்டர் பார்க்கிறவள். நமக்கு மேலே சார். நல்ல மனிதர், ஆனால் தன் யோசனை தனக்கே பிடித்துவிட்டால் பிறகு யார் சொன்னாலும் காதில் ஏறாது.

பொருளை வரைவதற்கு முன் அதைப் பயன்படுத்துகிறவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது சார் வைத்த சட்டம். அந்தக் காலத்தில் அப்படிக் கேட்டுவிட்டு வரைந்தவர்கள் ரொம்பக் குறைவு. தள்ளுவண்டி வேலை வந்தபோது நீ டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிடங்கு கிடங்காகப் போனாய். லாரியிலிருந்து மூட்டையையும் பெட்டியையும் இறக்கி வண்டியில் ஏற்றித் தள்ளுகிற ஆட்களோடு சுவரோரம் குந்தினாய். அவர்கள் பேசப் பேசப் பதிவு செய்தாய். கேசட்டுகள் பிஸ்கட் டின் நிறைய வந்து சேர்ந்தன. அத்தனை பேச்சையும் நீதான் டைப் அடித்தாய். "இருக்கு" என்று ஒருவரும் சொல்லவில்லை, "கீது" என்றுதான் சொன்னார்கள், அதை அப்படியே அடிப்பேன் என்று சாரிடம் சண்டை போட்டு ஜெயித்தாய். "சார், அவங்க வாய்க்கு இஸ்திரி போட நமக்கு இன்னா உரிமை?" என்று கேட்டாய்.

அவ்வளவு பேச்சையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெளிநாட்டில் இதற்கென்று மென்பொருள் இருந்தது. பேச்சைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் இது எதைப் பற்றியது என்று ஒரு சீட்டு ஒட்டினால், ஒரே மாதிரியானவற்றை அது சேர்த்துக் காட்டும். ஆனால் நம் தமிழ் எழுத்தை ஏற்றினால் கட்டம் கட்டமாக ஏதோ பூச்சி ஊர்ந்த மாதிரி தெரியும். அதனால் நானே ஒன்று எழுதினேன். அதற்குச் சல்லடை என்று பெயர் வைத்தேன். சீட்டு ஒட்டிய சொற்களில் எது அதிகம் வருகிறதோ அதற்குத் திரையில் பெரிய வட்டம். இரண்டு சொல் அடிக்கடி சேர்ந்து வந்தால் இரண்டு வட்டத்துக்கும் நடுவில் கோடு. அதிகம் சேர்ந்து வரவர கோடு தடிக்கும். ஒரு சீட்டும் ஒட்ட முடியாத துண்டுகள் 'மற்றவை' என்ற பெட்டியில் போய் விழும். கேட்பவரின் பேச்சு கலந்துவிடக் கூடாது என்று கேள்விகளை நீக்கிவிட்டுப் பதில்களை மட்டும்தான் ஏற்றினோம். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நீ மட்டும் என்னைப் பார்த்து, "சல்லடையில தண்ணி மொள்ளப் போறியா அண்ணாச்சி?" என்று கேட்டாய். நான் கோபித்துக்கொண்டு மத்தியானம் வரை உன்னோடு பேசவில்லை.

உன் அப்பாவும் ஒரு கிடங்கில் சுமை ஏற்றுகிறவர்தான். நம் வண்டி முதலில் போகப்போவது அந்தக் கிடங்குக்கு. அதனால் அவரையும் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனோம். சுவரில் புத்தர் படம், அதற்குக் கீழே நீ பள்ளியில் வாங்கிய ஓவியப் பரிசு. அப்பா தரையில் சுவரில் சாய்ந்து குந்தியிருந்தார். மைக்கைப் பார்த்ததும் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். நீ எல்லோரிடமும் கேட்கிற மாதிரியே அவரிடமும் கேட்டாய்: "எங்க நோவுது நைனா?"

"ஒண்ணியும் இல்ல. கல்லு மாரி கீறேன்."

நீ அடுத்த கேள்வி கேட்கவில்லை. டேப் ஓடிக்கொண்டே இருந்தது. உன் அம்மா எனக்கு டீ கொண்டுவந்தார்கள், நான் திரும்பி டம்ளரை வாங்கினேன். அந்த நேரம் அப்பா ஏதோ முனகினார். "இங்க மட்டும் கொஞ்சம்" என்று. நான் பார்க்கவில்லை. நீ பார்த்தாய்.

எல்லாம் ஏற்றி முடித்துப் பட்டனை அழுத்திய நாளில் திரையின் நடுவில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு வட்டம் வந்தது. 'வலி'. சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வட்டத்திலிருந்து கிளம்பிய கோடுகளிலேயே தடித்த கோடு எங்கே போனது தெரியுமா என்று உன்னிடம் கேட்கிறேன் பார், நீதானே முதலில் படித்தாய். டீக்கடைக்குப் போனது. அடுத்தது 'குந்து' என்ற வட்டத்துக்கு. சார் ஒரு துண்டைத் திறந்து சத்தமாகப் படித்தார்: "டீ குட்ச்சிட்டு செவுத்தோரம் குந்தி ஒரு வலி வலிச்சாத்தான் அடுத்த லோடுக்கு கை போவும்."

"பாத்தீங்களா!" என்று மேசையைத் தட்டினார். "வேலை செய்யறப்ப உடம்பு சூடா இருக்கு, வலி தெரியல. டீ குடிக்க உக்காந்ததும் உடம்பு ஆறுது, வலி கிளம்புது. இது யாருக்குமே தோணாத விஷயம். அவங்களுக்குச் சரியா உட்கார ஒரு இடம் இல்ல, அதான் காரணம்."

எவ்வளவு நன்றாக இருந்தது கேட்க! நானும் தலையாட்டினேன். என் சல்லடை கண்டுபிடித்துக் கொடுத்ததாயிற்றே, எனக்குத் தலைகால் புரியவில்லை. நீதான் வரைந்தாய். வண்டியின் பின்பக்கத்தில் மடக்கி வைக்கிற இருக்கை. வேலையின்போது மடித்துவிடலாம், டீக்கடை முன்னால் நிறுத்தி விரித்து உட்காரலாம். இரும்புக் குழாய் வளைவு, பலகை, கொண்டி எல்லாம் அவ்வளவு அழகாக வரைந்திருந்தாய். வரைந்துகொண்டே, "எங்க நைனா ராசா மாரி குந்தப்போறாரு" என்று பாடாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். வண்டி செய்யும் கம்பெனிக்காரர் அடுத்த வாரம் வந்து பார்ப்பதாக இருந்தது. அவர் சரியென்று தலையாட்டிவிட்டால் பட்டறையில் அச்சு போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு ஆணியைக் கூட மாற்ற முடியாது.

முதலில் முகம் மாறியது உனக்குத்தான். பென்சிலைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணு இடிக்குதுடி. எங்க நைனா நாள் பூரா மூஞ்ச தூக்கி வெச்சிகினு இருப்பாரு. டீக்கடையில கீறப்போதான் சிரிப்பாரு. அங்க போய் இன்னா வலி?"

"சிரிச்சுக்கிட்டே வலியைத் தாங்குவாரா இருக்கும்" என்றேன் நான், பெரிய மேதாவி மாதிரி.

"போடி இவளே" என்று சொல்லிவிட்டு, சார் படித்த அந்தத் துண்டு எந்தக் கேசட்டில் இருக்கிறது என்று தேடி எடுத்து, காதில் ஹெட்போனை மாட்டினாய். நான் என் வேலையைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் நீ நாற்காலியில் இல்லை. மேசைக்கு அடியில் சுருண்டு கிடந்தாய், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் குரலைக் கேட்டு அழுகிறாயோ என்று குனிந்து பார்த்தால் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். பேச முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றி என் காதில் அழுத்தினாய்.

லாரி சத்தம், யாரோ டம்ளர் கழுவும் சத்தம். பிறகு 'சரக்'கென்று ஒரு தீக்குச்சி. உள்ளே இழுக்கிற மூச்சு. அதை நிதானமாக வெளியே விடுகிற ஓசை. அப்புறம்தான் அந்த ஆளின் குரல்: "டீ குட்ச்சிட்டு செவுத்தோரம் குந்தி ஒரு வலி வலிச்சாத்தான்..."

"ஏட்டி! பீடியா?"

"பீடிதாண்டி! அவ்ளோ பெரிய வட்டம் மொத்தமும் பீடிடி அண்ணாச்சி!"

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கீழே கயிற்றுக் கடைக்காரர் மாடிப்படி வரைக்கும் வந்து, "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார். பீடி கையில் இருக்கும்போது எவனாவது பீடி என்று சொல்வானா? 'ஒரு வலி வலிச்சா' என்றுதான் சொல்வான். நான் பீடி சுற்றுகிற ஊர்க்காரி. என் அத்தைமார் எல்லாரும் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றியவர்கள். ஆனால் எங்கள் பக்கம் பீடி குடிப்பார்கள், வலிக்க மாட்டார்கள். எனக்குத் தெரியாமல் போனது நியாயம். "உனக்குமா தெரியல?" என்று கேட்டேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "தெனம் கேக்கற வார்த்தடி. டைப் அடிச்சி அந்தப் பொட்டிக்குள்ள போனதும் ஆபீஸ் வார்த்தையா பூடுச்சி. நானும் ஆபீஸ் ஆளா பூட்டேன் போல."

அந்தக் கடைசி வாக்கியத்தில் சிரிப்பு இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் அடுத்த கேள்வி உறைத்தது. அது பீடி என்றால், இவர்களுக்கு உண்மையாக எங்கே வலிக்கிறது? உங்கள் பக்கத்துச் சொல் நோவு. சல்லடையில் 'நோவு' என்று போட்டுத் தேடினேன். கடுகளவு வட்டம்கூட வரவில்லை. நீ என்னைப் பார்த்தாய். "நோவுன்னு நான்தானே கேட்டேன். எல்லார்கிட்டயும் நான்தான் கேட்டேன்" என்றாய். அந்தச் சொல் உன் கேள்வியில் இருந்தது. கேள்விகளைத்தான் நாம் நீக்கிவிட்டோமே. சரி, கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் எங்கே? 'மற்றவை' பெட்டியைத் திறந்தோம். திரை முழுக்க ஒரே சொல் வரிசையாக ஓடியது. இங்க. இந்தா, இங்க. இங்கதான் தாயி. தோ இங்க. கையால் தொட்டுக் காட்டிவிட்டுச் சொன்ன சொல். சீட்டு ஒட்ட அதில் ஒன்றும் இல்லாததால் எல்லாம் குப்பை மாதிரி அங்கே போய்க் குவிந்திருந்தன.

வரிசையில் ஒரு துண்டில் உன் விரல் நின்றது. "இங்க மட்டும் கொஞ்சம்." அதற்கு முந்திய வாக்கியமான 'ஒண்ணியும் இல்ல' என்பதைச் சல்லடை 'குறை இல்லை' என்ற வட்டத்தில் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தது. நீ இடது கையால் உன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். பிறகு, "மணிக்கட்டுடி. இந்தக் கையில புடிச்சிகினு காட்னாரு" என்றாய். எந்த ஆள் எங்கே தொட்டான் என்பது எந்தக் கேசட்டிலும் இல்லை. உன் கண்ணில்தான் இருந்தது.

சாரிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. யாருக்குத்தான் வராது? "படம் முடிஞ்சாச்சு, கம்பெனிக்காரர் வர்றார், இப்ப வந்து பீடி கீடின்னு சொல்றீங்க" என்று கத்தினார். நான் வாயை மூடிக்கொண்டேன். நீ மூடவில்லை.

"சார், எங்க நைனா தள்ளப்போற வண்டி சார் இது. அவரு குந்த மாட்டாரு சார். இருக்கை வெச்சா வண்டி கனக்கும். கனத்தா பள்ளத்துல கைப்புடி இன்னும் ஒதைக்கும். அவரு கையி பூடும் சார்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். "அப்போ கம்பெனிக்காரர்கிட்ட நீயே சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

கம்பெனிக்காரர் வந்த அன்று என் கம்ப்யூட்டரை நீ திறக்கவே விடவில்லை. மேசைமேல் டேப் ரெக்கார்டரை வைத்தாய். "எங்க நோவுது நைனா?" என்று கேசட்டில் உன் குரல் கேட்கும். "இங்க" என்று ஒரு குரல் வரும். நீ அவருக்கு முன்னால் நின்று உன் வலது மணிக்கட்டை இடது கையால் அழுத்திக் காட்டுவாய். அடுத்த குரல், "தோ, இங்க." மறுபடி மணிக்கட்டு. அடுத்தது கட்டைவிரலின் அடிப்பகுதி. அடுத்தது மறுபடி மணிக்கட்டு. ஒருவர் மட்டும் தோள். நீ ஒன்றும் விளக்கவில்லை. பாதியிலேயே அந்த மனிதர் தன்னை அறியாமல் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா எல்லாரும் அங்கேயே காட்டறாங்க?"

"சக்கரம் சின்னது சார். ரோட்ல பள்ளத்துல வுழும்போது கைப்புடி திருப்பி ஒதைக்குது."

கடைசியாக உன் அப்பாவின் குரல். "ஒண்ணியும் இல்ல. கல்லு மாரி கீறேன்." டேப் சும்மா ஓடியது. கம்பெனிக்காரர் முடிந்துவிட்டது என்று நினைத்து நிமிர்ந்தார். நீ கையைக் காட்டி அவரை நிறுத்தினாய். டீ டம்ளர் சத்தம், நான் "போதும்மா" என்று சொன்னது எல்லாம் கேட்டது. பிறகு, "இங்க மட்டும் கொஞ்சம்." நீ மணிக்கட்டை அழுத்தினாய். அது யார் என்று நீ சொல்லவில்லை. எனக்கும் சாருக்கும் தெரியும். சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டிக்குப் பெரிய சக்கரம் வந்தது. கைப்பிடிக்கு ரப்பர் உறை வந்தது. படத்திலிருந்த அந்த அழகான இருக்கையை உன் பென்சிலாலேயே கோடு போட்டு அடித்தாய். வண்டி கிடங்குக்குப் போய்ச் சில நாள் கழித்து உன் அப்பாவிடம் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன். "பரவால்ல, ஒதைக்கல" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பின்னால ஒரு பலகை வெச்சிருந்தீங்கன்னா குந்தி பீடி வலிக்கலாம்" என்றார். நீ தலையில் அடித்துக்கொண்டாய். நான் உன் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் சல்லடை உருப்படியானது. எந்தத் துண்டைத் தட்டினாலும் அதைச் சொன்ன குரல் கேட்க வேண்டும் என்றாய். டேப் ரெக்கார்டரிலிருந்து ஒயரை இழுத்துக் கம்ப்யூட்டரில் செருகி எல்லாக் கேசட்டையும் ஏற்றினோம். உன் கேள்விகளையும் திரும்பச் சேர்த்தோம். ஓரத்தில் ஒரு மனித உருவம் வரைந்து கொடுத்தாய், தலை வழுக்கை, கொஞ்சம் தொந்தி, சார் ஜாடை. பேசியவர் எங்கே தொட்டுக் காட்டினாரோ அங்கே புள்ளி வைக்கலாம். 'மற்றவை' என்ற பெயரை மட்டும் அழிக்கச் சொல்லி என் உயிரை எடுத்தாய். "மத்ததுன்னு ஒரு பொட்டி வெக்காத அண்ணாச்சி. நம்ம ஆளுங்க எல்லாம் அதுலதான் கீறாங்க." பெட்டியின் பெயரை 'இங்க' என்று மாற்றினேன். பிறகு சடையங்குப்பத்தில் வெள்ளம் வடிந்த வீடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வரையப் போனோம், எண்ணூரில் மீன் கூடைக்காகப் போனோம். எங்கே போனாலும் அந்தப் பெட்டியைத்தான் முதலில் திறந்தோம்.

அப்புறம் கல்யாணம் ஆகி நான் ஊரின் அந்தக் கோடிக்குப் போனேன், பெரிய கம்பெனியில் வேலை. நீ அதே மாடியில் இருந்தாய். பண்டிகைக்குப் பேசுவோம், பார்ப்போம் பார்ப்போம் என்போம். பிறகு ஒரு நாள் உன் அம்மா பேசினார்கள். வயிற்றில் கட்டி என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் நான் வந்த முதல் நாள் டாக்டர் உன் கட்டிலருகே வந்து, "வலி இருக்காம்மா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றாய். நர்ஸ் கேட்டாள், அதே பதில். உனக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் இல்லை. கால்மாட்டில் அம்மா நின்றுகொண்டிருந்தார்கள், அதனால் இல்லை என்றாய். உதடு வெடித்துப் போயிருந்தது. போர்வை விளிம்பை முஷ்டியில் பிடித்திருந்தாய். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு உயிர் போனது.

அம்மா வெந்நீர் வாங்க வெளியே போனதும் நான் நாற்காலியை இழுத்துக் கிட்டே போட்டேன். என் வாயில் என்றைக்கும் வராத சொல்லை எடுத்துக் கேட்டேன்.

"எங்கட்டி நோவுது?"

நீ சிரித்தாய். "பார்றா, அண்ணாச்சி வாயில நோவு!" என்றாய். பிறகு, "ஒண்ணியும் இல்லடி" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

நான் எழுந்திருக்கவில்லை. அடுத்த கேள்வி கேட்கவில்லை. உன்னிடமிருந்துதானே கற்றேன், டேப் ஓடட்டும் என்று விட்டுவிட வேண்டும். மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நீ கண்ணைத் திறக்காமலே போர்வையை விட்டு, என் கையைத் தேடிப் பிடித்து, விலாவுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாய்.

"இங்க மட்டும் கொஞ்சம்."

உன் அப்பா பெற்ற பிள்ளைதானே நீ. கல்லு மாதிரி இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அத்தனை நாளும் அதைத் தூக்கிச் சுமந்திருக்கிறாய். நீ அழுதாய், நானும் அழுதேன். பிறகு நான் ஓடிப்போய் நர்ஸைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தேன், டாக்டர் வரும்வரை வராந்தாவில் சண்டை போட்டேன். அன்று மத்தியானம் ஊசி போட்டார்கள். நீ வாயைத் திறந்தபடி நிம்மதியாகத் தூங்கினாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான் கேட்டேன், நீ என் கையை எடுத்து இடத்தில் வைப்பாய். நான் போய் நர்ஸிடம் சொல்வேன். கட்டியை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. நோவைக் கொஞ்சம் குறைக்க முடிந்தது. அதற்காவது நான் உதவினேன் என்பதை நினைத்துத்தான் இப்போதெல்லாம் ராத்திரி தூங்கப் போகிறேன்.

என் இப்போதைய கம்பெனியில் இந்த வேலைக்குப் புதுசு புதுசாக மென்பொருள் வந்துவிட்டது. கண்ணைப் பறிக்கிற வட்டங்கள், தானே நகர்கிற கோடுகள். போன வாரம் ஒரு பெண், ஆள் கெட்டிக்காரி, "மேடம், அர்த்தமில்லாத துண்டெல்லாம் நிறைய இருக்கு, தூக்கிடவா?" என்று கேட்டாள். நான் போட்ட கத்தலில் பாவம் பயந்துவிட்டாள். பிறகு டீ வாங்கிக் கொடுத்து பீடிக் கதையைச் சொன்னேன். நன்றாகச் சிரித்தாள். உன்னைப் பற்றி மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று பஸ்ஸை விட்டுவிட்டு, நீ போன பிறகு இந்தப் பக்கமே குடிவந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். கண் சிவந்திருப்பதைப் பார்த்து இவர், "என்ன ஆச்சு?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். சரி என்று வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, இல்லை என்றால் இல்லை என்றுதான் உலகம் எடுத்துக்கொள்கிறது.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். பழைய சல்லடை இதில் ஓடாது. அதிலிருந்த குரல்களை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். அவர்கள் பதில்களுக்கு நடுவே உன் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது, கொஞ்சம் கரகரப்பாக, மூக்கடைத்த மாதிரி, யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டே. ஒன்றைத் தட்டினேன்.

"எங்க நோவுது நைனா?"

ஒண்ணியும் இல்லட்டி, என்றேன் நான்.

நீ அடுத்த கேள்வி கேட்கவில்லை. டேப் ஓடுகிறது.

இங்க மட்டும் கொஞ்சம்.